மூன்றாம் தரப்பினர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். நான் சொல்லப்போகும் விஷயத்தை நானே பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தம் இல்லை. கோட்டைக்கரை விலக்கில் பஸ் ஏறினேன், நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள், "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். எனக்கு எழுதித்தான் பழக்கம். பேசிப் பழக்கம் இல்லை. கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

நான் மாவட்ட நூலக அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அதோடு பொதுத் தகவல் அலுவலர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு வந்தால் முப்பது நாளைக்குள் பதில் எழுதுகிற ஆள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. யார் லீவில் போயிருக்கிறாரோ அவர் தலையில் கட்டுவார்கள். நான் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன், மேஜைமேல் உத்தரவு இருந்தது.

நூலகத்தைப் பற்றி ஜனங்கள் என்ன கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் யார், அவர்களிடம் வசூலித்த தாமதக் கட்டணம் எங்கே போனது, இவ்வளவுதான். ஒரு வாத்தியார், இன்னொரு வாத்தியார் எத்தனை புத்தகம் அமுக்கி வைத்திருக்கிறார் என்று கேட்பார். அடுத்த மாதம் அந்த இன்னொரு வாத்தியார் இவரைப் பற்றிக் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஸ்டாஃப் ரூம். வேறொருவர், தனக்குப் போட்ட ஃபைனில் தீபாவளி லீவைக் கழித்தார்களா இல்லையா என்று மேல்முறையீடு வரை போனார். ஃபைனைவிட அவர் ஒட்டிய ஸ்டாம்ப் அதிகம்.

எல்லாருக்கும் பதில் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு ரகம் எனக்குப் பிடிக்காது. கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து அனுப்புகிறவர்கள். "இன்ன நூலகர் தன் மச்சானுக்கு ஃபைன் போடாமல் விட்டது உண்மைதானே?" என்பார்கள். உண்மைதானே! அவர்களே முடிவு செய்துவிட்டு நம்மிடம் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். அதற்கு ஆமாம் என்று வந்தாலும் தகவல் இல்லை, இல்லை என்று வந்தாலும் தகவல் இல்லை. அந்த மாதிரி மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் நான் கண்டிப்பு.

அருளப்பன் மனு அப்படி இல்லை. சுத்தமான மனு. அழகான கையெழுத்து. பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதியது இதுதான்: "என் மகன் ததேயு கோட்டைக்கரைக் கிளை நூலக உறுப்பினர். மோட்டார் காயில் கட்டும் முறை பற்றிய புத்தகம் ஒன்று அவர் பெயரில் நிலுவையில் உள்ளது. அதற்காகத் தங்கள் நினைவூட்டு அட்டை வருஷந்தோறும் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் வரவில்லை. ஏன் வரவில்லை?"

அட்டை வருகிறதே என்று திட்டி எழுதுவார்கள் சார். வரவில்லையே என்று எழுதியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கோட்டைக்கரைக் கிளைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. அதையே நான் அவருக்கு அனுப்பினேன்: "மேற்படி நூல் திரும்பப் பெறப்பட்டு, தாமதக் கட்டணமும் வசூலிக்கப்பட்டுவிட்டதால் நினைவூட்டு அனுப்பப்படவில்லை." ஒரே வரி. நல்ல பதில். இப்போது பார்த்தாலும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

அந்தப் பதிலோடு அவரே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. தாளை மடிக்கக்கூட இல்லை, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"சார், யார் திருப்பிக் குடுத்தாங்கன்னு இதுல இல்லியே."

"நீங்க அதைக் கேக்கலியே."

"இப்பக் கேக்குறேன்."

"அது மூன்றாம் தரப்பினர் பத்தின தகவல். தர முடியாது."

"எவன் சார் மூன்றாம் தரப்பு? அவன் எம் பையன்."

"உங்க பையனாவே இருக்கட்டும். மனு போட்டது நீங்க. பதில் குடுக்கிறது நாங்க. நடுவுல அவர் மூன்றாம் தரப்பினர்தான்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். "மதுரை வண்டி லேட்டு" என்றார். பிறகு சொன்னார்.

பையன் வீட்டைவிட்டுப் போய் அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லையாம். சென்னையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறான். போனவன் போனவன்தான். அந்த வேலை எங்கே என்றும் தெரியவில்லை. போலீஸில், வயசுப் பையன், வந்துருவான் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவன் அம்மா அடுத்த வருஷமே தவறிப்போய்விட்டாள்.

"ரெண்டு சட்டை, ஒரு பை, இந்தப் புத்தகம். அவ்வளவுதான் சார் எடுத்துட்டுப் போனான். வீடு பூரா தேடிட்டேன், பரண்ல ஏறிக்கூடப் பாத்துட்டேன், புத்தகம் இல்ல. அப்ப அது அவன்கிட்டதான் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் உங்க அட்டை வரும். சரி, இன்னும் அவன்கிட்டதான் இருக்குன்னு நெனச்சுக்குவேன். இப்பப் புத்தகம் வந்துருச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாக, "ஒரு வண்டி ஏதோ ஒரு ஸ்டாண்டுல என்ட்ரி போட்டுருச்சுன்னா, அது ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் சார்" என்றார்.

வாய்மொழியாக எதுவும் சொல்லக்கூடாது சார். எங்களுக்கு அதுதான் முதல் பாடம். நான் என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான் மீறினேன். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே கோட்டைக்கரைக்கு ஃபோன் போட்டேன். அங்கே கிளை நூலகர் சண்முகவடிவு. வடிவு மேடம் என்போம். பயந்த சுபாவம். குடையைக்கூட அலுவலக ரேக்கில் வைக்க யோசிப்பார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நேராகவே கேட்டேன். "மேடம், அந்த மோட்டார் புத்தகம், ததேயுங்கிற பையன் பேர்ல இருந்ததே, அதைப் பையனே வந்துதானே குடுத்தான்?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அந்த லைனே அப்படித்தான். பிறகு, "ஆமா சார். பையன்தான்" என்றார்.

அருளப்பன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒல்லியா இருந்தானான்னு கேளுங்க."

"ஒல்லியா இருந்தானா மேடம்?"

"ஒல்லிதான் சார்."

"தாடி வச்சிருந்தானா மேடம்?"

"தாடி... ஆமா சார். லேசா."

"ஃபைன் கட்டச் சொன்னப்ப ஏதும் பேசினானா? பேசாமக் கட்டிட்டானா?"

"பேசாமக் கட்டிட்டுப் போயிட்டான் சார்." உடனே அவர் குரல் மாறியது. "எதுக்கு சார் கேக்குறீங்க? ஏதும் பிரச்சினையா? எனக்கு வர்ற மாசம் ரிட்டயர்மெண்டு."

"பிரச்சினை ஒண்ணுமில்ல மேடம். நிம்மதியா இருங்க."

ஃபோனை வைத்தேன். அருளப்பனுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எங்கள் ஃபோனில் சத்தம் வெளியே கேட்கும், எல்லாம் கேட்டுவிட்டார். "பேசாமத்தான் கட்டுவான். அவங்க அம்மா மாதிரி. கடைக்காரன் என்ன சொன்னாலும் குடுத்துட்டு வந்துருவா" என்றார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடையாளம் எல்லாம் பொருந்தியது பாருங்கள். ஒல்லி, தாடி, குணம். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தச் சமயம் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். முதல் செவ்வாய். சும்மா வந்து உட்கார அவருக்குக் கூச்சம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு மனு கொண்டுவருவார். ஆவணத்தைப் பார்வையிட வேண்டும் என்று கேட்பார். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பார்வையிடும்போது அலுவலர் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருப்பேன். அவர் முன்னால் தாமதக் கட்டண ஃபைலைத் திறந்து வைப்பேன். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். டீ வரும். ரோட்டில் போகிற வண்டிகளைப் பற்றிச் சொல்வார். எந்த டிரைவர் சாப்பாட்டுக்கு ஓரம் கட்டுவான், எந்தக் கண்டக்டர் சில்லறைக்கு அழ வைப்பான். வீட்டுச் சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் வருவாராம். "நான் இங்க இருக்கிற நேரம் பாத்து அவன் வந்துட்டா?"

எங்கள் ஆபீஸில் ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் உண்டு, லூர்து. "என்ன சார், உங்க செவ்வாக்கிழமை வந்துட்டாரு" என்பாள். நான் கண்டுகொள்வதில்லை. அவருக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. தனியாக இருக்கிற மனிதர். பாவமாக இருந்தது எனக்கு.

எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. என் மனைவி நாகர்கோவிலில் இருக்கிறாள், அங்கே அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. மாற்றல் வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பேசுவோம். சாப்பிட்டாச்சா என்பாள், சாப்பிட்டாச்சு என்பேன். மழையா என்பேன், லேசா என்பாள். பிரச்சினை ஒன்றும் கிடையாது.

சந்தேகம் எப்போது வந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு ஊர்ப்புற நூலகத்தைப் பார்வையிடப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்த நூலகர், கோமதிநாயகம் என்று பெயர், ஒரு பை நிறையப் பழைய புத்தகத்தை இறக்கிக்கொண்டிருந்தார். "என்னய்யா இது?" என்றேன். மனிதர் ஒளிக்கவே இல்லை.

"இருப்புச் சரிபார்ப்பு வருதுல்ல சார். வராத புத்தகத்துக்கெல்லாம் நம்ம சம்பளத்துல புடிப்பாங்க. ஆள் ஊர்லயே இல்ல, நான் எங்க போய்த் தேட? பழைய புத்தகக் கடையில அதே புத்தகத்தை வாங்கி, சீல் போட்டு வச்சிருவோம். உறுப்பினரே திருப்பிக் குடுத்த மாதிரி அவர் பேர்ல வரவு. ஃபைனும் நாமளே கட்டிருவோம். எல்லாரும் செய்றதுதான சார்? உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது சார். அலுவலகத்திலேயே உட்கார்ந்து சர்வீஸை ஓட்டியவன் நான். கிளையில் வேலை பார்த்ததில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் ஃபோன் போட்டபோது வடிவு மேடத்துக்கு அடுத்த மாதம் ஓய்வு. ஓய்வு என்றால் பொறுப்பு ஒப்படைப்பு. ஒப்படைப்பு என்றால் சரிபார்ப்பு. ஒரு புத்தகம் குறைந்தாலும் பென்ஷன் ஃபைல் நகராது. நாலைந்து வருஷமாக வராத புத்தகம், சரியாக அந்தச் சமயத்திலா வரும்?

அந்தப் புத்தகத்தையே போய்ப் பார்த்திருக்கலாம். நூலகப் புத்தகத்தில் பழைய சீல் எது, புதிய சீல் எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். போகலாம் என்றுதான் இருந்தேன். அப்போது தேர்தல் வேலை வந்தது. அப்புறம் ஆபீஸ் கட்டிடம் ஒழுகி இடம் மாறினோம். ஒரு வழியாகக் கோட்டைக்கரைக்குப் போனபோது, பழைய தொழில்நுட்பப் புத்தகங்களை எல்லாம் கழித்து எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

வடிவு மேடத்தைக் கேட்டிருக்கலாம். அதையும் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை போக முடியாது, அருளப்பன் வருவார். மற்ற நாளில் போய்க் கேட்டு வந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? அந்த மனிதரின் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. முழுக்க அவருக்காகத்தான். வேறு காரணம் இருக்குமோ என்று ராத்திரி படுத்தால் யோசிப்பேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன செவ்வாய் அவர் வரவில்லை. டீ வந்தது, இரண்டு கிளாஸ். லூர்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை அவர் மகள் செலின் வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பா விழுந்துட்டாரு சார். பாத்ரூம்ல. கதவைத் தாழ் போட மாட்டார்ல, அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரங்க உள்ள வந்து பாத்தாங்க. இடது பக்கம் இன்னும் சரியா வரலை. தனியா விட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்கூட ஓசூர் வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு. வீட்டைப் பூட்டிட்டு வந்தா தம்பி வந்து நிப்பானாம்."

"புரியுதும்மா."

"உங்களுக்குப் புரியலை சார். தம்பி வந்துட்டுப் போனான்னு சொன்னது நீங்க. நூலக ஆபீசரே சொன்னாருன்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருக்காரு. அது நெசமா இருந்தா, நான் வேலையை விட்டுட்டு இங்கயே வந்து அவரோட இருந்துக்கிறேன். ரெண்டு பேருமா காத்திருக்கோம். நெசம் இல்லன்னா சொல்லிருங்க. இழுத்துட்டாவது போயிருவேன். அவர் அழுவாரு. பரவாயில்ல, உயிரோட இருந்து அழட்டும்."

அவள் பேசியதில் ஒரு தப்பும் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அவள் சிரித்தாள். "முப்பது நாளைக்குள்ளயா சார்?"

அதனால்தான் இன்றைக்குக் கோட்டைக்கரை போனேன்.

வடிவு மேடம் மாடி வீட்டில் இருக்கிறார். கணவர் இல்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ரிட்டயர்ட் ஆனப்புறம் ஆபீஸ்ல இருந்து யாருமே எட்டிப் பாக்கலை சார். நீங்கதான் மொத ஆளு" என்றார். காபி போட்டார். முறுக்கு கொண்டுவந்து வைத்தார். சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று தட்டை நகர்த்திக்கொண்டே இருந்தார். புது ஆபீஸ் ஒழுகுதா, லூர்து எப்படி இருக்கா, எல்லாம் கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற ஒருவரிடம் போய் எப்படி சார் ஆரம்பிப்பது?

"மேடம், அந்த மோட்டார் புத்தகம்" என்றேன்.

டி.வி.யை அணைத்தார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பையன்தான் வந்தான் சார். ஒல்லியா இருந்தான். லேசா தாடி. பேசாமக் கட்டிட்டுப் போயிட்டான்."

அதே சொற்கள். அதே வரிசை. இத்தனை வருஷத்தில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறக்காமல் இருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷம் பயமாக இருந்தது. நேரில் கண்ட முகம் என்றால் நாளாக ஆகக் கொஞ்சம் தேயும், கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சட்டை நிறம் மறக்கும், நடை ஞாபகம் வரும். எனக்கு என் மனைவியின் கல்யாண முகம் அப்படித்தான் இருக்கிறது. இது தேயவே இல்லை. நகல் எடுத்து வைத்த தாள் மாதிரி இருந்தது.

"அந்தப் பையனோட அப்பா எப்படி இருக்காரு சார்?" என்று கேட்டார்.

"விழுந்துட்டாரு."

அவர் கை தட்டை விட்டு விலகியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க மேடம்" என்றேன். "பென்ஷனுக்கு ஒண்ணும் வராது. நான் எதையும் எழுதப்போறது இல்ல. எனக்காகவும் கேக்கலை."

நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் சார். மாதா நகர். அருளப்பன் வீடு அங்கேதான், செலின் வாசலில் நிற்பாள். அவளிடம் என்ன சொல்வேன் என்று நீங்கள் கேட்கக்கூடாது. வடிவு மேடம் சொன்ன பதில் முதலில் அவளுக்குப் போக வேண்டியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் மூன்றாம் தரப்பினர். நான் கேட்ட கேள்வியை வேண்டுமானால் சொல்கிறேன். அது என்னுடையது.

வந்தது அவன்தானா, பொய்யா சொன்னீங்க, இதெல்லாம் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்தது. அங்கே எதுவும் வாயில் வரவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் அந்த அம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "எந்தக் கடை? என்ன சார் சொல்றீங்க?" என்று முகத்தைச் சுளித்துக் கேட்டுவிட்டால் போதும், எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம், அடுத்த மாதம் முதல் செவ்வாய் எப்போதும்போல் இரண்டு டீ சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன் சார்:

"மேடம், அந்தப் புத்தகத்தை எந்தக் கடையில வாங்கினீங்க?"